பிகாரோ ஜி2401 கார்பன் டை ஆக்சைடு அளவி: பெட்டி நன்று, நிச்சயமின்மை குழாயிலும் சிலிண்டரிலும்

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தரையிலிருந்து தொடர்ந்து அளக்கும் நிலையங்களில் இன்று பரவலாகக் காணக்கூடிய கருவிகளில் பிகாரோ நிறுவனத்தின் ஜி2401 ஒன்று. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, நீராவி நான்கையும் ஒரே பெட்டி சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து தருகிறது. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் மொத்தப் பணத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டு, மதிப்பு தெரிந்த குறிப்பு வாயு நிரப்பிய சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு, குழாய் ஆகியவற்றை மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த கருவியிலிருந்து மலிவான தரவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விவரத்தாளில் இருக்கும் எண்கள் கவர்ச்சியானவை. 5 வினாடிச் சராசரியில் 0.05 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), 5 நிமிடச் சராசரியில் 0.02, ஒரு மணி நேரச் சராசரியில் 0.01. காற்றில் 420 பிபிஎம்முக்கு மேல் இருக்கும் ஒன்றை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது பெரிய சாதனைதான். ஆனால் இந்த எண் சொல்வது அளவீட்டின் நடுக்கத்தை மட்டும். தராசு முள் ஆடாமல் நிற்பதால் படிக்கல் சரியென்று ஆகிவிடாது. ஒரே சிலிண்டர் காற்றை நாள் முழுக்கச் செலுத்தினால் 421.30, 421.31, 421.29 என்று அழகாக நிற்கும். சிலிண்டரின் உண்மை மதிப்பு 420.90 ஆக இருந்தாலும் அப்படியே நிற்கும். முதல் வகைப் பிழை சராசரி எடுத்தால் குறையும். இரண்டாவது வகை பத்து ஆண்டு சராசரி எடுத்தாலும் குறையாது.

எவ்வளவு சரியாக இருந்தால் போதும்? உலக வானிலை அமைப்பின் உலகளாவிய வளிமண்டலக் கண்காணிப்புத் திட்டம் நிலையங்களுக்கிடையே எதிர்பார்க்கும் ஒத்திசைவு வட அரைக்கோளத்தில் 0.1 பிபிஎம், தென் அரைக்கோளத்தில் 0.05. நகரக் காற்று போல ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இடங்களின் ஆய்வுக்கு 0.2 வரை ஏற்கிறார்கள். இது வெறும் பிடிவாதமில்லை. உலகச் சராசரி ஆண்டுக்கு இரண்டு முதல் மூன்று பிபிஎம் ஏறுகிறது. காடும் கடலும் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்ற கணக்கு, தொலைவிலுள்ள இரு நிலையங்களுக்கிடையே தெரியும் மிகச் சிறிய வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. ஒரு நிலையம் 0.3 பிபிஎம் கூடுதலாகக் காட்டிக்கொண்டே இருந்தால், கணினி மாதிரி அந்த இரு நிலையங்களுக்கு நடுவே இல்லாத ஓர் உமிழ்வைக் கண்டுபிடித்துத் தந்துவிடும். ஹவாயின் மவுனா லோவா மலையில் அமெரிக்க அறிவியலாளர் சார்ல்ஸ் டேவிட் கீலிங் 1958-இல் தொடங்கிய பதிவு இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அதன் ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பு வாயுவோடு கட்டப்பட்டிருப்பதுதான்.

பெட்டிக்குள் நடப்பது

உள்ளே ஒரு சிறு குழி, அதில் மிக உயர்ந்த எதிரொளிப்புத் திறன் கொண்ட மூன்று கண்ணாடிகள். லேசர் ஒளியை உள்ளே நிரப்பிச் சட்டென்று அணைத்தால், ஒளி கண்ணாடிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான முறை சுற்றிச் சுற்றித் தேய்கிறது. ஒளி கடக்கும் மொத்தத் தூரம் கிலோமீட்டர் கணக்கில் வரும். குழியில் உறிஞ்சும் வாயு கூடினால் ஒளி விரைவில் தேயும். அந்தத் தேயும் நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. ஒளியின் வலிமையை அளப்பதில்லை என்பதால் லேசர் மங்கினாலும் மதிப்பு மாறாது. பழைய அகச்சிவப்பு அளவிகளைவிட இது பல மடங்கு உறுதியாக நிற்பதன் முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், குழி 45 பாகை செல்சியசிலும் 140 டார் அழுத்தத்திலும் இறுக்கிப் பிடிக்கப்படுவது. இந்த இரண்டும் அசைந்தால் உறிஞ்சல் கோட்டின், அதாவது வாயு ஒளியை உறிஞ்சும் குறுகிய அலைநீளப் பட்டையின், அகலமும் உயரமும் மாறும்.

ஆகவே தினமும் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: குழி அழுத்தம், குழி வெப்பநிலை, வெளியேறு வால்வின் திறப்பு. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே இருக்கும் பம்பின் டயஃப்ரம் (காற்றைத் தள்ளும் நெகிழ்சவ்வு) தேயத் தேய, அதே 140 டாரைப் பிடிக்க வால்வு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகத் திறந்துகொண்டே போகும். வாரந்தோறும் அந்த எண்ணை ஒரு வரைபடத்தில் போட்டு வைத்தால், அழுத்தம் கைவிட்டுப் போவதற்கு வாரங்களுக்கு முன்பே பம்ப் மாற்றும் நாள் தெரிந்துவிடும்.

அறை வெப்பநிலைக்கு 10 முதல் 35 பாகை வரை அனுமதி உண்டு. இந்த எல்லைக்குள் இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. குளிரூட்டியின் காற்று நேரே பெட்டி மீது வீசும்படி வைத்தால், அது இயங்கி நிற்கும் தாளம் தரவிலும் லேசாகத் தெரியக்கூடும்.

நகர்வும் சிலிண்டரும்

விவரத்தாளின் அடுத்த வரியில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. 50 நிமிடச் சராசரியில், 24 மணி நேரத்தில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான நகர்வு (காட்டும் மதிப்பு தானாகவே மெல்ல விலகுவது) 0.1 பிபிஎம் வரை, ஒரு மாதத்தில் 0.5 பிபிஎம் வரை இருக்கலாம். அதாவது குறிப்பு வாயு காட்டாமல் ஒரு மாதம் ஓடினால் எதிர்பார்க்கப்படும் ஒத்திசைவைப் போல ஐந்து மடங்கு விலகலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். நடைமுறையில் பெரும்பாலான பெட்டிகள் இதைவிட நன்றாக நடந்துகொள்ளும். ஆனால் எந்தப் பெட்டி, எந்த மாதம் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறைந்தது மூன்று அளவுத்திருத்தச் சிலிண்டர்கள், முடிந்தால் நான்கு. அவற்றின் மதிப்புகள் நிலையத்தில் வரக்கூடிய வீச்சின் இரு முனைகளையும் தாண்டி நிற்க வேண்டும். தூய காற்று நிலையத்துக்கு 390, 420, 450 போன்ற இடைவெளி போதும். நகர நிலையத்துக்கு மேல்முனை 500-க்கு மேல் போக வேண்டும். இவை தவிர இலக்குச் சிலிண்டர் ஒன்று. இதன் மதிப்பைத் திருத்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தெரியாத காற்றைப் போல அளந்து, விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இது. இலக்கையும் திருத்தத்தில் சேர்த்துவிட்டால் தேர்வு எழுதியவரே தாளைத் திருத்திய கதையாகும்.

செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கருவி நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கும் குறைவாகவே இழுக்கும். 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை 25 நிமிடம் ஓட 7.5 லிட்டர். மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு சுற்று எனில் ஒரு திருத்தச் சிலிண்டருக்கு ஆண்டுக்கு 720 லிட்டர். 30 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 140 பாருக்கு நிரப்பி 20 பாரில் நிறுத்தினால் 3,600 லிட்டர் கிடைக்கும். ஐந்து ஆண்டு வரும். தினமும் ஒருமுறை ஓடும் இலக்குச் சிலிண்டரோ ஆண்டுக்கு 2,740 லிட்டர் கேட்கும். பதினாறு மாதத்தில் தீர்ந்துவிடும். எனவே இலக்குக்குப் பெரிய சிலிண்டராக வாங்கி, தீர்வதற்கு முன்பே அடுத்ததை அளந்து வைத்திருக்க வேண்டும். பழையதும் புதியதும் சில வாரங்களாவது சேர்ந்து ஓட வேண்டும்.

20 பாரில் ஏன் நிறுத்த வேண்டும்? சிலிண்டரின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் அழுத்தம் குறையக் குறைய விடுபட்டு வாயுவில் கலக்கின்றன. கடைசிக் கட்டத்தில் மதிப்பு மேலே ஏறுகிறது. எஃகைவிட அலுமினியச் சிலிண்டரில் இது குறைவு. அதனால்தான் இந்தத் துறையில் அலுமினியத்தையே கேட்கிறார்கள். ரெகுலேட்டரிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. நாள்கணக்கில் தேங்கிய வாயு ரெகுலேட்டருக்குள் மாறிப்போயிருக்கும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தரவைக் கழித்துவிட்டு, மதிப்பு நிலைகொண்ட பிறகு வரும் கடைசி ஐந்து, பத்து நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். முதல் சுற்றை முழுவதுமாகக் கழித்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. புதிதாக மாட்டிய ரெகுலேட்டரை வாயு நிரப்பி, வெளியேற்றி, மீண்டும் நிரப்பி மூன்று முறையாவது கழுவ வேண்டும்.

சிலிண்டருக்குள் என்ன காற்று இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கடையில் கலந்து தரும் செயற்கைக் காற்று மலிவு. ஆனால் கார்பனில் எடை குறைந்த கார்பன்-12, எடை கூடிய கார்பன்-13 என்ற வகைகள் உண்டு, இந்தக் கருவி கார்பன்-12 கொண்ட மூலக்கூற்றை மட்டுமே அளந்து மொத்தத்தைக் கணிக்கிறது. எரிபொருளிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடில் கார்பன்-13 காற்றில் உள்ளதைவிடக் குறைவு. இயற்கையில் கார்பன்-13-இன் பங்கு சுமார் 1.1 விழுக்காடு. அது ஆயிரத்துக்கு 30 பங்கு குறைந்தால், 420 பிபிஎம்மில் 0.14 பிபிஎம் வேறுபாடு வரும். ஆக்சிஜன்-18-ஆலும் கொஞ்சம் சேரும். அந்தச் சிலிண்டரால் திருத்திய கருவி வெளிக்காற்றை அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். போதாததற்குச் செயற்கைக் காற்றில் ஆர்கான் இல்லாமலோ ஆக்சிஜன் விகிதம் பிசகியோ இருந்தால் உறிஞ்சல் கோட்டின் அகலமும் மாறும். வெறும் நைட்ரஜனில் கலந்த வாயுவை இதற்குத் தொடவே கூடாது. உலர்த்தி நிரப்பிய இயற்கைக் காற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்த்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

மதிப்பிட்ட சான்றிதழில் எந்த அளவுகோல் என்று பாருங்கள். இப்போதையது உலக வானிலை அமைப்பின் எக்ஸ்2019. இதற்கு முந்தையது எக்ஸ்2007. 400 பிபிஎம் அளவில் புதியது பழையதைவிடச் சுமார் 0.18 பிபிஎம் உயர்வாகக் காட்டும். இரண்டு அளவுகோல் சிலிண்டர்களைக் கலந்து ஒரு கோடு போட்டால், எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாத பிழை அது.

ஈரம்

நமக்கு வேண்டியது உலர் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் மோல் பின்னம், அதாவது மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கு. காற்றில் நீராவி ஒரு விழுக்காடு கூடினால், நீர்த்துப்போவதால் மட்டுமே சுமார் 4 பிபிஎம் குறையும். நீராவி கோட்டின் அகலத்தையும் மாற்றுவதால் இன்னும் கொஞ்சம். ஜி2401 நீராவியையும் அளந்து தானாகவே திருத்தித் தருகிறது. கருவியின் பலம் இது, எளிதில் ஏமாற்றக்கூடிய பகுதியும் இதுவே.

பரவலாகப் பயன்படும் திருத்தம் 2010-இல் சென் குழுவினர் வெளியிட்டது. ஈரக் காற்றின் மதிப்பை (1 − 0.012 × நீ − 0.0002674 × நீ²) என்ற எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே நீ என்பது கருவி காட்டும் நீராவி விழுக்காடு. நீ 3 ஆக இருந்தால் வகுக்கும் எண் 0.9616. உண்மையில் 420 உள்ள காற்றைக் கருவி திருத்தத்துக்கு முன் 404 என்று பார்க்கிறது. ஆக, திருத்தம் மட்டுமே 16 பிபிஎம். அதை 0.1 பிபிஎம்முக்குள் வைத்திருக்க, திருத்தமே 0.6 விழுக்காட்டுக்குள் சரியாக இருக்க வேண்டும். பொதுக் குணகங்கள் வறண்ட, குளிர்ந்த இடத்தில் போதும். வெப்பமண்டல ஈரக் காற்றுக்கு உங்கள் பெட்டிக்கே உரிய குணகங்களைக் கண்டறிய வேண்டும்.

அதற்கான சோதனை எளிது. சிலிண்டரிலிருந்து வரும் உலர் காற்றின் பாதையில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான தூய நீரைச் செலுத்துங்கள். ஈரம் சட்டென்று ஏறி, நீர் ஆவியாகி முடியும்வரை மெல்ல இறங்கும். இறங்கும் ஒவ்வொரு நிலையிலும் ஈர மதிப்பை உலர் மதிப்பால் வகுத்துப் புள்ளிகளாகப் போட்டு வளைகோட்டைப் பொருத்துங்கள். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திரவத் துளி எதுவும் குழிக்குள் போகாதபடி நடுவில் வடிகட்டி இருப்பது கட்டாயம். கண்ணாடியில் நீர் பட்டால் பெட்டி தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஈரம் மளமளவென்று மாறும் இடத்துப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். மிகக் குறைந்த ஈரத்தில் குழியின் அழுத்த உணரியே நீராவியால் சற்றுப் பாதிக்கப்படுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் பகுதியில் புள்ளிகள் அதிகம் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கருவி காட்டும் நீராவி எண் தனித்த ஈரமானிக்கு ஈடானதல்ல. குணகங்கள் அந்த எண்ணோடு பிணைந்தவை. வேறோர் ஈரமானியை வைத்து அதைத் ‘திருத்தி’விட்டுப் பழைய குணகங்களைப் பயன்படுத்தினால் விடை கெடும்.

நீராவியைச் சுவர் வழியே வெளியேற்றும் நஃபியான் குழாயாலோ, குளிர்வித்து ஈரத்தைப் பிடிக்கும் குளிர்ப்பொறியாலோ காற்றை முன்கூட்டியே உலர்த்தினால் திருத்தத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். நஃபியான் சுவர் வழியே சிறிதளவு கார்பன் டை ஆக்சைடும் கடக்கும் என்பதால், திருத்தச் சிலிண்டர் வாயுவையும் அதே நஃபியான் வழியாகவே செலுத்த வேண்டும். பிழை இருபக்கமும் ஒன்றாகிக் கழிந்துபோகும்.

கசிவு: இலக்கு வாயு காட்டாத பிழை

அறையில் ஆள் இருந்தால் அறைக்காற்று எளிதில் 600 பிபிஎம்மைத் தாண்டும். வெளிக்காற்று 420 எனில் வேறுபாடு 180. அறைக்காற்று ஓட்டத்தில் வெறும் 0.055 விழுக்காடு உள்ளே கசிந்தாலே 0.1 பிபிஎம் பிழை. 0.3 லிட்டர் ஓட்டத்தில் அது நிமிடத்துக்கு 0.17 மில்லிலிட்டர். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது.

இதில் சிக்கலானது ஒன்று உண்டு. சிலிண்டர் வாயு அழுத்தத்தோடு வருகிறது, அதன் பாதையில் துளை இருந்தால் வாயு வெளியேதான் போகும். மாதிரிக்காற்றை இழுக்கும் குழாயிலோ அழுத்தம் வெளியைவிடக் குறைவு, அங்கே துளை இருந்தால் அறைக்காற்று உள்ளே வரும். மாதிரிக்காற்றுக்கும் சிலிண்டருக்கும் இடையே மாற்றிக் கொடுக்கும் தேர்வு வால்வுக்கு முன்பாக மாதிரிக் குழாயில் இருக்கும் கசிவை இலக்குச் சிலிண்டர் ஒருநாளும் காட்டாது. இலக்கு 0.02-க்குள் ஒத்துப்போகும், தரவோ 0.3 விலகியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சிலிண்டர் வாயுவை, கோபுரத்தின் மேலே மாதிரிக் குழாய் காற்றை இழுக்கும் நுழைவாயிலிலேயே கொடுத்து முழுக் குழாயையும் சோதிப்பதுதான் இதற்கு வழி.

இடையில் செய்ய எளிய சோதனை ஒன்று: ஒவ்வொரு இணைப்பின் மீதும் மெல்லிய குழலால் மூச்சை ஊதுங்கள். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 விழுக்காடு, அதாவது 40,000 பிபிஎம். கசிவுள்ள இணைப்பில் திரையில் முள் குதிக்கும். காற்று கருவிக்கு வந்துசேரும் நேரத்தைக் கணக்கில் வைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் இடையே பொறுத்திருந்து பாருங்கள்.

குழாயின் நீளமும் விளையாடும். 9 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 100 மீட்டர் குழாயில் 6.4 லிட்டர் காற்று நிற்கும். கருவி மட்டும் இழுத்தால் மேலிருந்து கீழே வர 21 நிமிடம். நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுக்கும் தனிப் பம்பை வைத்து, அதிலிருந்து கருவிக்குச் சிறு கிளை கொடுத்தால் 40 வினாடிக்குள் வந்துவிடும்.

எல்லாம் கூடினால்

கவனமாக நடத்தும் ஒரு நிலையத்துக்கு உதாரணக் கணக்கு இது. மணி நேரச் சராசரியில் நடுக்கம் 0.01. சிலிண்டர் மதிப்பீட்டிலிருந்து 0.03. திருத்தங்களுக்கு இடையேயான நகர்வின் மிச்சம் 0.02. ஈரக் காற்றை உலர்த்தாமல் அளந்தால் நீராவித் திருத்தத்திலிருந்து 0.05. மாதிரி எடுக்கும் பாதையிலிருந்து 0.03. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.07 பிபிஎம். 95 விழுக்காட்டு நம்பகத்துக்கு இரட்டித்தால் 0.14. உலர்த்தி நீராவிப் பங்கை 0.02 ஆக்கினால் 0.05, இரட்டித்தால் 0.10. விவரத்தாள் பெருமையாகச் சொல்லும் 0.01-ஐ இந்தக் கணக்கிலிருந்து முழுவதும் நீக்கினாலும் விடை ஏறக்குறைய மாறாது! இன்னும் நடுக்கம் குறைந்த பெட்டியைத் தேடுவதைவிட, நல்ல உலர்த்தியும் நான்காவது சிலிண்டரும் வாங்குவது நல்லது.

இதே வேலைக்கு மலிவான வழி உண்டா? வைசாலா ஜிஎம்பி343 போன்ற அகச்சிவப்பு உணரியின் துல்லியம் ±(3 பிபிஎம் + அளவின் 1 விழுக்காடு), 420-இல் சுமார் 7 பிபிஎம். சென்ஸ்ஏர் கே30 போன்ற சிறு பலகைகளுக்கு ±(30 பிபிஎம் + 3 விழுக்காடு). இவற்றில் அழுத்தத் திருத்தத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே அடர்த்தி மாற்றத்தால் மட்டும் 4 பிபிஎம் போகும். கே30-இன் தானியங்கி அடிப்படைத் திருத்தம், சில நாளில் கண்ட மிகக் குறைந்த மதிப்பை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். கண்காணிப்புக்கு வைத்தால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அளக்க வந்த மாற்றத்தையே அது அழித்துவிடும். நகரத்தில் பத்து இருபது பிபிஎம் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க இவை உதவும், அதுவும் அருகில் ஒரு நல்ல கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டால். பின்னணிக் காற்றுக்கு ஆகாது.

பெட்டி வந்ததும், முழுத் தொகையும் கைமாறுவதற்கு முன், ஒரு வாரம் எடுத்துச் சோதியுங்கள். ஒரு சிலிண்டரை 24 மணி நேரம் விடாமல் ஓட்டி, 5 நிமிடச் சராசரிகளின் திட்டவிலக்கம் 0.02-க்குள்ளும், 50 நிமிடச் சராசரிகளின் உச்சத் தாழ்வு 0.1-க்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அறை வெப்பநிலையை ஐந்து பாகை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நான்கு சிலிண்டரை மும்முறை சுற்றி, நேர்கோட்டிலிருந்து எதுவும் 0.03-க்கு மேல் விலகினால் எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள். ஒரே சிலிண்டர் மூன்று சுற்றிலும் விலகினால் குறை பெரும்பாலும் அந்தச் சிலிண்டரிலோ அதன் ரெகுலேட்டரிலோதான். பிறகு நீர்த்துளிச் சோதனை. கடைசியாக, உள்கணினியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தோடு ஒத்திசைத்து, தடையில்லா மின்வழங்கியில் பெட்டியையும் பம்பையும் சேர்த்தே மாட்டுங்கள். பெட்டி மட்டும் ஓடி பம்ப் நின்றுபோனால் குழி அழுத்தம் எகிறும், அந்த நேரத்துத் தரவு முழுவதையும் கழிக்க நேரும்.